மீதி நிறம்

தண்டையார்பேட்டையில் இரவு ஒன்பதுக்குக் கரண்ட் போனால்
ஆய்வகத்தில் பேட்டரி விளக்கு ஒன்றுதான் மிஞ்சும்.
புற ஊதா, கைப்பிடி அளவு.
அதை வைத்துக்கொண்டு
ஆறு குப்பிகளின் முன் குந்தியிருக்கிறேன்.

பதினோரு மாதம் கட்டிய கூண்டு.
கண்ணுக்குத் தெரியாது, தராசுக்குத் தெரியும்:
மூன்று மில்லிகிராம், கொஞ்சம் கூட.
மூன்று கால், இரண்டு கூரை, நடுவே வெற்றிடம்.
பங்கு வைத்து ஆறு கரைப்பானில் போட்டேன்.

ஹெக்சேனில் நீலம், கேஸ் அடுப்பின் நீலம்.
டொலுவீனில் பச்சைக்கு ஒரு சாய்வு.
(மணலிக் காற்று இந்தப் பக்கம் திரும்பும் நாளில்
எந்தக் குப்பியை மூடவில்லை என்று
ஒருவரை ஒருவர் சந்தேகிப்போம்.)
குளோரோஃபார்மில் கிளிப்பச்சை.
அசிட்டோனில் பழுக்கத் தொடங்கிய எலுமிச்சை.
டிஎம்எஸ்ஓவில் ஆரஞ்சு, சோகை பிடித்தது.
ஆறாவது மெத்தனால்.
விளக்கை ஒட்டிப் பிடித்தும் இருட்டு.

ஒரே கூண்டு, ஒரே விளக்கு.
ஒளி பட்டதும்,
நொடியை நூறு கோடியாக நறுக்கினால் நாலு துண்டு நேரம்,
கூண்டுக்குள் மின்னூட்டம் ஒரு பக்கம் சாய்கிறது,
வளைவில் திரும்பும் ஷேர் ஆட்டோவில்
பின்சீட்டே ஒருத்தி மடியில் விழுவது போல.
சுற்றி நிற்கும் மூலக்கூறுகள்
அந்தச் சாய்வுக்கு முகம் திருப்புகின்றன,
தாங்கிக்கொள்ள.
தாங்கிய வகையில் கொஞ்சம் ஆற்றல் செலவு.
மீதிதான் நிறம்.

ஹெக்சேன் யாருக்கும் திரும்பாது.
அதனால்தான் அங்கே அவ்வளவு நீலம்.
மெத்தனால் திரும்புகிறது, கையைப் பிடிக்கிறது,
விடுவதில்லை.
வெளிச்சமாய்ப் போக வேண்டியது
சூடாய்ப் போய்விடுகிறது.

கட்டுரையில் இது ஒரு வரி.

எனக்கு ஒன்பது வயது. போகிக்கு முந்தின இரவு
கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் தாண்டி
பாக்கெட் வாங்கிக் குடித்தவர்கள் நாலு பேர்,
எல்லாரும் துறைமுகத்தில் மூட்டை இறக்கியவர்கள்.
இரண்டு பேர் போனார்கள்.
கஜபதி மாமாவுக்கு இடது கண் மிஞ்சியது.
அப்பாவுக்கு உயிர்.
ஆஸ்பத்திரி வராந்தாவில்
எல்லாம் பனி மாதிரி இருக்கு என்றார்.
மறுநாள் பனியும் இல்லை.

கல்லூரியில்தான் அதன் பெயரை லேபிளோடு பார்த்தேன்.
இரண்டரை லிட்டர், பழுப்புக் கண்ணாடி,
தண்ணீர் போல நல்ல பிள்ளையாய்.
இன்னும் அதை மட்டும் இரண்டு கையால் எடுக்கிறேன்.
ஜெயசீலி பார்த்திருக்கிறாள், கேட்டதில்லை.

வீட்டில், சாப்பிடும்போது, அப்பா:
"கூண்டுன்றியே, உள்ள இன்னா புடிச்ச?"
ஒண்ணும் இல்லப்பா. கரைப்பான் உள்ள போவும், வரும்.
"போய்ட்டு வர்றதுக்கா பதினோரு மாசம்?"
சிரித்தார். பிறகு, "இன்னா கலரு?"

எதில் என்று கேட்டுவிட்டேன்.
வஞ்சிர முள்ளை விரலால் தேடி எடுத்து
தட்டோரம் வைத்தார்.
ஒவ்வொன்றாய்ச் சொன்னேன்.
நீலத்துக்குத் தலையாட்டினார், கிளிப்பச்சைக்கும்.
எலுமிச்சைக்குக் கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டார்.
"ஆரஞ்சு சரியா வரல," என்றார்.

ஐந்தோடு நிறுத்தினேன்.
"ஆறுன்னியே?"
மெத்தனால்.
எரியல.

கை கழுவும் சத்தம் மட்டும்.
துண்டில் துடைத்தபடி சொன்னார்:
"தண்ணி ஊத்திப் பாரு.
கலக்காம வித்ததே இல்ல அவனுங்க."

காலையில் சொட்டுச் சொட்டாய் ஊற்றினேன்.
பாதிக்குப் பாதி வரை இருட்டு.
பத்தில் ஏழு தண்ணீரானபோது
குப்பி அரிசி கழுவிய நீராய்க் கலங்கியது.
கரைய இடமில்லாத கூண்டுகள் ஒன்றோடொன்று ஒண்டி,
கால் நீட்ட வழியில்லாமல், அசையாமல்,
மஞ்சளாய் எரிந்தன.
பழுத்த மஞ்சள், பட்டியலில் இல்லாதது.

ஜெயசீலியைக் கூப்பிட்டேன். அவள் விசிலடித்தாள்.

நோட்டில் தேதி போட்டு,
யோசனை சொன்னவர் என்ற இடத்தில்
தேசப்பன் என்று எழுதி,
அடித்து,
மறுபடி எழுதினேன்.